வீட்டு ஆள் வாயால் ஒரு பெயர்

செய்தி முதலில் பத்திரிகைக்குத்தான் போனது. அதற்குப் பிறகுதான் எனக்கு வந்தது.

என் மனைவி தனலெட்சுமி ஈப்போவில் நடந்த ஒரு கூட்டத்தைப் பற்றி எழுதப் போயிருந்தாள். கூட்டம் முடிந்து மண்டபத்துப் படியில் இறங்கும்போது விழுந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் அவள் பையைத் திறந்தவர்கள் கையில் முதலில் பட்டது நிருபர் அட்டை. அதிலிருந்த எண்ணுக்கு அழைத்திருக்கிறார்கள். கோலாலம்பூரில் செய்தி ஆசிரியர் அந்தோணி சார் எடுத்திருக்கிறார். அவர் கேமரன் மலையில் இருக்கும் எங்கள் தோட்டத்து ஆபீசுக்கு அழைத்தார். ஆபீஸ் கணக்கைப் பார்க்கிற கிராணி ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டார். நான் தேயிலை ஆலையில் சார்ஜ்மேன். மின்சாரமும் இயந்திரமும் என் பொறுப்பு. ஆள் வந்தபோது கொழுந்து காய்கிற டிரையரின் வெப்பமானியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஊசி இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. அன்றைக்கு நடந்ததில் அந்த ஊசிதான் எனக்குத் தெளிவாக நினைவிருக்கிறது.

"தம்பி, ஈப்போ ஆஸ்பத்திரில இருந்து ஒரு சேதி சொல்றாங்க" என்றார் அந்தோணி சார். "நான் நம்பல. நீங்க போய்ப் பாருங்க."

"என்ன சேதி சார்?"

"போய்ப் பாருங்க. பாத்துட்டு எனக்குக் கூப்புட்டுப் பேரு சொல்லுங்க. வூட்டு ஆளு வாயால பேரு வர்ற வரைக்கும், என்னயப் பொறுத்தவரைக்கும் ஒன்னும் நடக்கல."

போனேன். தாப்பா வரைக்கும் மலையிறங்குகிற அத்தனை வளைவிலும் காரோட்டி ஹாரன் அடித்துக்கொண்டே வந்தார். ஆஸ்பத்திரியில் ஒரு மலாய்க்காரர் துணியை விலக்கினார். மூளைக்குள் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்று டாக்டர் சொன்னார். குழாய், அழுத்தம், வெடிப்பு. எல்லாம் எனக்குத் தெரிந்த சொற்கள்தான். தலையை ஆட்டினேன். வெளியே காசு போட்டுப் பேசுகிற தொலைபேசி இருந்தது. அந்தோணி சாருக்கு அழைத்தேன்.

"அவதான் சார்."

"யாரு, தம்பி?"

"என் சம்சாரம்."

"பேரு சொல்லுங்க."

வாயைத் திறந்தேன். வரவில்லை. அவர் அவசரப்படுத்தவில்லை. அவர் மூச்சுவிடுவது எனக்குக் கேட்டது. காசு தீர்ந்து, தொடர்பு அறுந்துவிட்டது.

உங்களில் பலர் என்னைக் கேட்டீர்கள். மலையில் நடந்த எத்தனையோ சாவுகளை எழுதியவள், அவள் செத்த செய்தி மட்டும் அவள் பேப்பரிலேயே ஏன் வரவில்லை என்று. கருமகிரியை அன்று சிலர் கோபமாகவே கேட்டார்கள். பேப்பர் அவளை மறந்துவிடவில்லை. ஒரு சட்டம் இருக்கிறது. அந்தச் சட்டத்தின் வழியாகத்தான் அவள் இந்த வேலைக்குள் வந்தாள். அதைச் சொன்னால் மற்றது உங்களுக்குப் புரியும்.

அவள் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த நாட்கள். நீண்ட விடுமுறை தொடங்கியது. அந்த விடுமுறையில் பட்டணத்திலேயே ஏதாவது ஒரு பத்திரிகையில் வேலை பழகிவிட வேண்டும் என்று இறங்கினாள். கூடப் படித்தவர்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். விடுதியைப் பூட்டப்போகிறோம் என்று வார்டன் தினமும் சொல்லிக்கொண்டிருந்தார். இங்கே மலையில் மருந்தடிக்கிற வேலையில் இருந்த அவளுடைய அப்பா, தோட்டத்துப் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியரிடம் சொல்லிவைத்திருந்தார். தற்காலிக வாத்தியார் வேலை காத்திருந்தது. "அந்தச் சோக்குக்கட்டிய ஒரு தடவ கையில புடிச்சா அப்புறம் கீழ வைக்க வுட மாட்டாங்க. எனக்குத் தெரியும்" என்று அவள் பிற்பாடு என்னிடம் சொன்னாள். விடுதிக் கதவு மூடுவதற்குள் பட்டணத்தில் ஓர் இடம் பிடிக்க வேண்டும். இல்லையென்றால் மலைக்கு பஸ் ஏற வேண்டும், அதோடு முடிந்தது.

முதலில் போன இடம் ஓர் ஆங்கிலப் பத்திரிகை. கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் இருந்தவர் கேட்டது ஒரே கேள்வி: "யாரு ஒன்ன அனுப்பினது?" "யாரும் அனுப்பல, நானாதான் வந்தேன்" என்றாள். அவர் அவளுடைய சான்றிதழ்களைத் திறந்தே பார்க்காமல் திருப்பிக் கொடுத்தார். அடுத்தது ஒரு மாதப் பத்திரிகை. அதன் முதலாளி உடனே சரி என்றார். "தேயிலத் தோட்டத்துப் பிள்ளதானே, நல்லா டீ போடுவே" என்று கெட்டிலைக் காட்டினார். அவள் டீ போட்டாள். எல்லாருக்கும் கொடுத்தாள். கிளாசுகளைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். பிறகு பையை எடுத்துக்கொண்டாள்.

"எங்க மலையில டீ குடிக்கறதுக்கு வேற ஆளுங்க இருக்காங்கண்ணே. நாங்க கொழுந்து பறிக்கறதோட சரி."

இதைச் சொல்லிவிட்டு வெளியே வந்து, பஸ் நிறுத்தத்தில் அழுததாகவும் சொன்னாள்.

மூன்றாவதாகப் போனது நீங்கள் அறிந்த இந்தத் தமிழ் நாளிதழ். கடைவீட்டு மாடியில் இருந்தது அலுவலகம். படியெல்லாம் மை வாடை. ஈய எழுத்துகளைப் பொறுக்கி அச்சுக்கோத்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மூலை மேசையில் அந்தோணி சார். அவர் அவளை உட்காரச் சொல்லவில்லை.

"எந்த ஊரு?"

"கேமரன் மலை, சார்."

"அங்கேருந்து எங்களுக்கு முட்டக்கோசுதாம்மா வருது. செய்தி வந்ததே இல்ல."

"கோசு வர்ற லோரியிலயே செய்தியும் வரும் சார். ஏத்தி வுடறதுக்குத்தான் ஆளு இல்ல."

அச்சுக்கோக்கிறவர்களில் ஒருவர் சிரித்துவிட்டார். அந்தோணி சார் சிரிக்கவில்லை. ஆனால் நாற்காலியைக் காட்டினார். அப்போதுதான் அந்தச் சட்டத்தைச் சொன்னார். முன்பு ஒருமுறை யாரோ சொன்னதை நம்பி ஒருவர் இறந்துவிட்டதாகப் போட்டுவிட்டார்களாம். "மறுநாளு அந்த ஆளு நேரா வந்து, நீ இப்ப உக்காந்திருக்கிற நாற்காலியிலதான் உக்காந்தாரு. கையில எங்க பேப்பரு. 'நல்லா எழுதியிருக்கீங்க சார், என் சம்சாரம் படிச்சிட்டு மயக்கம் போட்டுட்டா'ன்னாரு." அன்றிலிருந்து, சாவோ விபத்தோ, வீட்டு ஆள் வாயால் முழுப் பெயர் வராமல் ஒரு வரியும் போடுவதில்லை.

"ஊருக்குப் போ" என்றார். "இது வரைக்கும் எங்களுக்கு வராத ஒரு செய்தி கொண்டா. பேரு வூட்டு ஆளு வாயால வரணும். வந்தா திங்கக்கிழமையிலேருந்து ஒனக்கு இங்க மேச உண்டு. வரலன்னா கோசுதான்."

அப்படித்தான் அவள் மலைக்கு பஸ் ஏறினாள். அந்த வாரம் முழுவதும் மழை. கம்போங் ராஜா டவுனுக்கு மேலே இருக்கும் எங்கள் தோட்டத்தில் அவள் செய்தி தேடி அலைந்தாள். கோயில் கூரை ஒழுகுகிறது என்றார்கள். மாடு காணோம் என்றார்கள். வாரம் முடியப்போகிறது. அவள் அப்பா அடுப்பங்கரையில் உட்கார்ந்து, "தலைமையாசிரியரு இன்னிக்கும் கேட்டாரும்மா" என்றார். மறுநாள் காலை, தொழிலாளர் வீட்டு வரிசையான கீழ்லயத்துக்குப் பின்னால் மலைச்சரிவு இறங்கியது.

தண்ணீர் ஓடுகிற கானைச் சுத்தம் பண்ண, வேலை பிரித்துக் கொடுக்கிற மண்டோர் ஓர் ஆளை அனுப்பியிருந்தார் என்று லயத்தில் சொன்னார்கள். அந்த ஆள் வேலு. வேறொரு தோட்டத்திலிருந்து அண்மையில்தான் குடும்பத்தோடு வந்திருந்தார். மனைவி மாரியம்மாவையும் கைக்குழந்தையையும் தவிர அவருக்கு இங்கே சொந்தம் கிடையாது. ஆம்பளைகள் மண்வெட்டியோடு ஓடினார்கள். கொஞ்ச நேரம் தோண்டினார்கள். மேலிருந்து மறுபடி மண் சரிந்தது. கிராணி வந்து நிறுத்தச் சொன்னார்.

"இன்னொரு ஆளும் உள்ள போகணுமா? அவன் அங்க இல்லப்பா. கானுக்கு யாரையும் அனுப்பலன்னு மண்டோர் சொல்றாரு. சம்சு குடிச்சிட்டு டவுன் பக்கம் போயிருப்பான். பொழுதுக்குள்ள வந்துருவான், பாரு."

கிராணி கெட்டவர் அல்ல. பேசும்போதும் மேலே சரிவையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் தோண்டுவது நின்றுவிட்டது. போலீசிலும் ஆபீஸ் சொன்னதையே எழுதிக்கொண்டு, ஆள் திரும்பி வருகிறானா பார்ப்போம் என்றார்கள். மண்டோர் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

நான் அப்போது ஆலைக்குப் புதியவன். சரிவில் விளக்குப் போட முடியுமா என்று பார்க்க வந்து நின்றிருந்தேன். குடையை மடக்கிக் கையில் வைத்துக்கொண்டு, நனைந்தபடி ஒரு பெண் என் முன்னால் வந்தாள்.

"நீங்கதானே புது சார்ஜ்மேன்? மோட்டார் இருக்கா?"

"இருக்கு."

"பிரேக்கு இருக்கா?"

"அதும் இருக்கு."

"அப்ப வாங்க, கம்போங் ராஜா போலாம். ஆபீசு போனத் தொட விட மாட்டாங்க."

கல்யாணமாகாத பெண், கல்யாணமாகாத ஆணின் மோட்டார் சைக்கிளில் பட்டப்பகலில் ஏறினாள். லயத்தில் அன்றைக்கே எங்களுக்குக் கல்யாணம் செய்து வைத்துவிட்டார்கள். நாங்கள் செய்துகொண்டது பிற்பாடுதான்.

கம்போங் ராஜாவில் ஒரு சீனர் மளிகைக்கடையில் தொலைபேசி இருந்தது. வெளியூருக்குப் பேச வேண்டுமென்றால் ஆபரேட்டர் இணைக்கிற வரையில் காத்திருக்க வேண்டும். கடை முதலாளி தவுக்கே கணக்குமணிகளைத் தட்டிக்கொண்டே, "தங்கச்சி, சீக்கிரம் லா, நான் லோரிக்குப் பேசணும்" என்றார். அவள் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள். இணைப்பு வந்தது. ஒரே மூச்சில் சொன்னாள். சரிவு, கான், தோண்டுவதை நிறுத்தியது, வேலு என்ற பெயர். அந்தோணி சார் வைத்துவிட்டுக் காத்திருக்கச் சொன்னார். அவர் எங்கள் தோட்டத்து ஆபீசுக்கே அழைத்து விசாரித்திருக்கிறார். பிறகு கடைத் தொலைபேசி அடித்தது. அவர் குரல் எனக்கே கேட்டது.

"வேலு இன்னிக்குக் காலையில பெரட்டுல நின்னு பேரு குடுத்தாராம். இப்பவும் ஆபீசு வாசல்லதான் நிக்கிறாராம். செத்தவரு என் நாற்காலியில வந்து உக்காந்த கத ஒனக்குச் சொன்னேனா இல்லியா?"

அது பொய் இல்லை. எங்கள் தோட்டத்தில் இன்னொரு வேலு இருந்தார். காலையில் ஆட்கள் கூடுகிற பெரட்டில் அவரும் நின்றார். லயத்தில் யாருக்கும் யாருடைய முழுப் பெயரும் தெரியாது. கூப்பிடுகிற பெயர்தான் தெரியும். மண்ணுக்குள் போனவரின் அடையாளக் கார்டு அவர் சட்டைப் பையில், அவரோடு.

"முழுப் பேரு, அப்பா பேரோட. வூட்டு ஆளு வாயால" என்றார் அந்தோணி சார். "பக்கம் முடிக்கறதுக்குள்ள வரணும். அதுக்கப்புறம் வந்தா வேண்டாம்."

திரும்பும்போது மழை கண்ணில் அடித்தது. ஒரு வளைவில் ரோட்டின் பாதியை மண் மூடியிருந்தது. அவள் பின்னாலிருந்து, "பேரு பேப்பர்ல வந்துட்டா நாளைக்கு அவரு ஓடிட்டாருன்னு யாரும் சொல்ல முடியாது. தோண்டித்தான் ஆகணும்" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே வந்தாள். எனக்குச் சொன்னாளா, அவளுக்கே சொல்லிக்கொண்டாளா, தெரியவில்லை.

மாரியம்மா அழவில்லை. பெரிய குண்டானில் தண்ணீர் காய்ச்சிக்கொண்டிருந்தார். "மண்ணும் சகதியுமா வருவாரு. குளிக்கச் சுடுதண்ணி வேணும்" என்றார். வாசலில் பக்கத்து வீட்டுப் பெண்கள் நின்றார்கள்.

"அக்கா, அண்ணனோட முழுப் பேரு என்னக்கா?"

"ஒனக்குத் தெரியாதாடி? எல்லாரும் கூப்புடறதுதான்."

"அந்தப் பேருல இன்னொரு ஆளு இருக்காருக்கா. பேப்பருக்கு முழுசா வேணும். நீங்கதான் சொல்லணும்."

"கட்டிக்கிட்ட நாள்லேருந்து நான் வாயால சொன்னதில்ல. இன்னிக்கா சொல்லுவேன்? புருசன் பேரச் சொன்னா அவரு ஆயுசு கொறையும்."

வாசலில் இருந்து ஒருத்தி, "மயிலு சாமின்னு சாடையா சொல்லேண்டி, அது புரிஞ்சிக்கும்" என்றாள்.

"மயிலு சாமிக்கு எத்தன பேரு இருக்கு! எதப் போடறது?" என்றாள் இன்னொருத்தி.

மாரியம்மா அடுப்பில் விறகைத் தள்ளினார். பிறகு தனலெட்சுமியை நிமிர்ந்து பார்த்தார். "நீ படிச்ச பிள்ளதானே? நீயே சொல்லு. பேரு சொன்னா அவரு மண்ணுக்குள்ள கெடக்காருன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி. சொல்லலன்னா குடிச்சிட்டு ஓடிட்டாருன்னு ஆபீசு சொல்லுது. ஓடிட்டாருன்னா உசுரோட இருக்காரு. ரெண்டுல எத நான் எடுத்துக்கறது?"

நான் வாசலுக்கு வெளியே மோட்டாரை அணைக்காமல் நின்றிருந்தேன். வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. கோலாலம்பூரில் பக்கம் மூடிக்கொண்டிருக்கும் என்று எனக்குப் பதற்றம். "ரிப்போட்டர், நேரமாவுது" என்றேன். அவளை நான் அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"இருங்க" என்றாள் திரும்பாமல். பேனாவை மூடிப் பையில் போட்டாள். "எனக்குத் தெரியலக்கா" என்று மாரியம்மாவிடம் சொல்லிவிட்டு, அடுப்புக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தாள். கைக்குழந்தை சிணுங்கியது, எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவ்வளவுதான், இனி கேட்கமாட்டாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. மேசை போய்விட்டது. நான் மோட்டாரை அணைத்தேன்.

தண்ணீர் கொதித்தது. மாரியம்மா அதையே பார்த்துக்கொண்டு இருந்தார். திடீரென்று எழுந்தார். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, எங்களையெல்லாம் தள்ளிக்கொண்டு மழைக்குள் போனார். லயத்துக்குப் பின்னால், சரிவு அறுந்துபோன விளிம்பில் நின்றார்.

"ஏங்க!" என்று கூப்பிட்டார். "ஏங்க!"

மண்ணைப் பார்த்தார். பிறகு, உடம்பில் இருந்த மூச்சு முழுவதையும் இழுத்து:

"வேலாயுதம்! காத்தமுத்து மவன் வேலாயுதம்! ஒன்னத்தான் கூப்புடறேன்! தண்ணி ஆறுது, எந்திரிச்சு வா!"

லயத்துக் கதவுகள் திறந்தன. பெண்கள் வாயில் கைவைத்தார்கள். ஒரு மனைவி கணவன் பெயரை, அதுவும் 'வா' என்று ஒருமையில், ஊர் கேட்கக் கூப்பிட்டதை அவர்கள் யாரும் கேட்டதில்லை. அவர் நிறுத்தவில்லை. மறுபடி மறுபடி கூப்பிட்டார். அதைக் கேட்டுக்கொண்டு வீட்டுக்குள் உட்கார்ந்திருக்க எந்த ஆம்பளையாலும் முடியவில்லை. ஒருத்தர் மண்வெட்டியை எடுத்தார். பிறகு எல்லாரும். கிராணி வழிவிட்டு ஒதுங்கினார். மண்டோர் யாரிடமோ இருந்த மண்வெட்டியைப் பிடுங்கிக்கொண்டு முதலில் இறங்கினார். "நாந்தான் அனுப்பினேன்" என்று அழுதுகொண்டே தோண்டினார். நான் ஆலையிலிருந்து வயர் இழுத்து விளக்குப் போட்டேன். என் கைக்கு வேலை தெரியும் என்பதால் அது வேலையைச் செய்தது.

முழுக்க இருட்டுவதற்கு முன்னால் அவரைக் கண்டுபிடித்தார்கள். கானுக்குள் குனிந்த நிலையிலேயே இருந்தார். காய்ச்சி வைத்த அந்தத் தண்ணீரைத்தான் அவர் மேல் ஊற்றினார்கள்.

நாங்கள் கம்போங் ராஜாவுக்குப் போய்ச் சேர்ந்தபோது தவுக்கே பாதிக் கதவைப் பூட்டியிருந்தார். எங்கள் உடம்பிலிருந்த மண்ணைப் பார்த்ததும் திறந்துவிட்டார். அந்தோணி சார் கேட்டது ஒன்றுதான்.

"யாரு வாயால?"

"அவங்க சம்சாரம் வாயால, சார். லயம் முழுக்கக் கேட்டுச்சு."

"பக்கத்தத் தொறக்கச் சொல்றேன், சொல்லு" என்றார். அவள் சொல்லி முடித்த பிறகு, "திங்கக்கிழம வந்துரு" என்றார்.

அவள் தொலைபேசியை வைத்தாள். இடம் கிடைத்துவிட்டது. விடுதி வார்டன், தலைமையாசிரியர், டீ போடச் சொன்னவர், எல்லாரையும் அவள் ஜெயித்துவிட்டாள். கடை வாசலில் முட்டைக்கோசுக் கூடை மேல் உட்கார்ந்து கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அந்த அக்கா எனக்காகச் சொல்லல" என்றாள். "பேப்பருக்காகவும் சொல்லல. அவரு காதுல விழட்டும்னு சொன்னாங்க. நான் பக்கத்துல இருந்தேன், அவ்வளவுதான்."

பத்திரிகையில் அவளுக்கு முதலில் கொடுத்த வேலை, மரண அறிவிப்புத் தொலைபேசி. விடுமுறை முழுவதும் அதைத்தான் செய்தாள். பல்கலைக்கழகத்துப் பெண் என்று அச்சுக்கோக்கிறவர்கள் கேலி செய்வார்களாம்: "டிகிரி வாங்கறதுக்கு முன்னாடியே எமனுக்குக் கிராணி வேல கெடச்சிருச்சு." அழுகிறவர்களிடம் பெயர் வாங்குவது எப்படி என்று அங்கேதான் கற்றுக்கொண்டாள். அதை எனக்கும் சொன்னாள்: "அவசரப்படுத்தக் கூடாது. எடுத்துக் குடுக்கக் கூடாது. சும்மா இருந்தா அதுவா வரும்." இன்னொன்றும் அடிக்கடி சொல்வாள்: "பேரு எழுதறதுக்கு இல்ல. கூப்புடறதுக்கு. எழுதறது அப்புறந்தான்."

படிப்பு முடிந்ததும் பட்டணத்தில் வேலை கொடுத்தார்கள். அவள் கொஞ்ச காலம் இருந்துவிட்டு, மலை நிருபராகவே இருந்துகொள்கிறேன் என்று திரும்பி வந்தாள். புகைப்படச் சுருளைப் பக்கத்து ஊரான திரிங்காப்பில் கோசு லோரி டிரைவரிடம் கொடுப்பாள். விடியும்போது அது பட்டணத்துச் சந்தையில் இறங்கிவிடும். அந்தோணி சாருக்கு அவள் கொடுத்த வாக்கு அது. என்னைக் கட்டிக்கொண்டாள். ஊரெல்லாம் பெயர் கேட்டு எழுதுகிறவள், என்னை மட்டும் 'ஏங்க' என்பாள். நான் கிண்டல் செய்வேன். "நீங்க மட்டும் என்னவாம்? கட்டுன நாள்லேருந்து ரிப்போட்டர், ரிப்போட்டர். எனக்கு ஒரு பேரு இருக்குல்ல?" என்பாள். இருந்தது. நான் கூப்பிட்டதே இல்லை.

அதனால்தான் ஆஸ்பத்திரித் தொலைபேசியில் வரவில்லை. பழகாத வாய்.

அடக்கத்துக்கு அந்தோணி சார் வந்தார். முகத்தைப் பார்த்தார். மண் போட்டார். புறப்படும்போது என் தோளில் கைவைத்து, "நான் பாத்துட்டேன் தம்பி. ஆனா நான் வூட்டு ஆளு இல்ல" என்றார். "எப்ப வேணும்னாலும் கூப்புடுங்க. பக்கத்தத் தொறந்து வைக்கிறேன்." அது இரக்கமா, பிடிவாதமா என்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை. செய்தி போடாமல் இருக்கிற வரையில் அவருக்கும் அவள் சாகவில்லை என்பது இப்போது தெரிகிறது.

நான் வேலைக்குத் திரும்பினேன். கொழுந்து அரைக்கிற ரோலர்கள் எல்லாம் ஓடும்போது ஆலைக்குள் பக்கத்தில் நிற்கிறவர் பேசுவதும் கேட்காது. அந்த இரைச்சலுக்குள் நின்று பழகிப் பார்த்தேன். முதல் நாள் உதடுதான் அசைந்தது. பிறகு சத்தமும் வந்தது. யாருக்கும் கேட்காது. எனக்கும் கேட்காது. அளவு பார்க்கிற மாதிரி, ஒவ்வொரு ஷிப்டிலும் டிரையர் பக்கத்தில் நின்று ஒரு தடவை கூப்பிடுவேன்.

போன வாரம் அப்படிக் கூப்பிடும்போது மின்சாரம் போய்விட்டது. எல்லா ரோலரும் ஒரே நேரத்தில் நின்றன. அந்த அமைதியில் என் குரல் மட்டும் கூரைத் தகரத்தில் போய் அடித்தது.

"தனலெட்சுமி!"

தூள் சலிக்கிற பகுதியில் பெண்கள் எல்லாரும் நிமிர்ந்தார்கள். எனக்கு உடம்பு கூசிப்போனது. ஜெனரேட்டரைப் போடத் திரும்பினேன். அப்போது சல்லடைக்குப் பின்னாலிருந்து மாரியம்மா வந்தார். புருஷன் போன பிறகு அவருக்கு ஆலையில்தான் வேலை. தலையிலும் புருவத்திலும் தேயிலைத் தூசி. என் எதிரே நின்று, சாப்பிட்டாச்சா என்று கேட்கிற குரலில் சொன்னார்:

"கேக்காது தம்பி. இன்னும் சத்தமாக் கூப்புடு."

கூப்பிட்டேன்.

அன்று சாயங்காலம் கம்போங் ராஜாவுக்கு மோட்டாரில் போனேன். அதே கடை. தவுக்கேயின் தலை நரைத்துவிட்டது. அந்தோணி சார் எடுத்தார். நான் யார் என்று சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. காத்திருந்தார். எடுத்துக் கொடுக்கவில்லை.

அப்பா பேரோடு, முழுசாகச் சொன்னேன்.

எழுதிக்கொள்கிற சத்தம் கேட்டது. இந்தப் பக்கத்தில் நீங்கள் படிப்பது அதற்குப் பிறகு அவர் என்னை எழுதச் சொன்னது. அவளுடைய நிருபர் அட்டையைப் பத்திரிகையிலேயே கொடுத்துவிட்டேன். சேலைகளை அவள் தங்கை எடுத்துக்கொண்டாள். என்னிடம் இருப்பது அவள் பேர். அதைத் தினமும் ஒரு தடவை, ரோலர்களை ஓடவிடுவதற்கு முன்னால், சத்தமாகக் கூப்பிடுகிறேன்.